ஏசியின் பின்பக்கம்

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஒரு பெண்மணி கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் கடைக்கு வந்து, ஒரு ஏசியைத் தப்பாக மாட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

எனக்கு அப்போது முப்பத்தி நான்கு வயது. ஐடிஐ முடித்ததிலிருந்து பதினாலு வருஷமாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு சிதம்பரத்தில், கடை கடலூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். தப்பாக மாட்டிவிட்டாய் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. தப்பாக மாட்டச் சொல்லி வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரும் சிதம்பரத்துக்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து வேலையை விட்டவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடலூர் முதுநகரில், பழைய துறைமுகத்துப் பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து அதில் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். உப்பு அரித்த சுவர்கள், மேலே சிமெண்ட் ஷீட்டு. ஒரு காலத்தில் இறால் உரித்துக் காயவைத்த இடமாம், அந்த வாடை இன்னும் தரையில் இருந்தது. சுவரில் ஒரு படம்கூட இல்லை. கிடங்குக்குள்ளேயே சின்னதாக இரண்டு அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டச் சொல்லியிருந்தார். நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் பக்கத்தில் விண்டோ ஏசி வைக்க ஒரு சதுர ஓட்டை. முதல் அறையில் ஒரு கட்டில், மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை, ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாவது அறையில் ஒரு மர பெஞ்சு.

ஏசியின் முன்பக்கம் கட்டில் அறையில் இருக்க வேண்டும், பின்பக்கம் பெஞ்சு அறையில் இருக்க வேண்டும் என்றார்.

"பின்பக்கம் சூட்டைக் கக்கும் மேடம். அது வெளியில இருக்கணும்," என்றேன்.

"இந்த ரூமுக்கு அதுதான் வெளியில," என்று கட்டில் அறையைக் காட்டிச் சொன்னார்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குளிர் அறையில் இடமில்லை. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் காலிக் கட்டிலைப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம். ஒரு அறிவிப்புப் பலகையோ விளக்கமோ கிடையாது. அதுதான் கண்காட்சி. எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் வேலை வேலைதானே.

செகண்ட்ஹேண்டில் ஒரு விண்டோ ஏசி வாங்கி வைத்திருந்தார். அதில் லீக் இருந்தது. அதைப் பற்றவைத்து அடைப்பதற்கு முன்னால் மிச்சம் இருக்கும் கேஸை வெளியேற்ற வேண்டும். வழக்கம்போலக் குழாயைத் திறந்துவிட்டேன். 'உஸ்ஸ்' என்று கொஞ்ச நேரம் போனது. அவர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எங்க போகுது?"

"காத்துல போயிடும் மேடம்."

"போயி?"

பதினாலு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேஸ் மேலே போய்ப் போர்வை மாதிரி நின்றுகொண்டு வெயிலின் சூட்டைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்துவைக்கும், வண்டிப் புகையைவிட எத்தனையோ மடங்கு மோசம் என்று வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். கடலூரில் காற்று கெட்டுப்போச்சு என்று யாராவது பேச்சை எடுத்தால் எல்லார் கையும் செம்மங்குப்பத்து கெமிக்கல் கம்பெனிகள் பக்கம் நீளும். என் கையும் அப்படித்தான் நீண்டிருந்தது. ஒரு ஆளும் என் பக்கம் கையை நீட்டியதில்லை. நான் ஸ்பேனரும் கையுமாக வீடு வீடாகப் போய் அந்த 'உஸ்ஸ்'ஸைத் திறந்துவிட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நாளில் கண்காட்சி திறந்தது. காலை பத்திலிருந்து ஒன்று, மதியம் இரண்டிலிருந்து ஐந்து. மெஷின் அந்தச் சூட்டில் அடிக்கடி மக்கர் பண்ணும் என்பதால், கண்காட்சி முடியும்வரை நான் அங்கேயே இருக்க வேண்டும் என்று பேச்சு. கடையை மச்சான் பார்த்துக்கொண்டான். பெஞ்சு அறையின் மேல்சுவரில் ஒரு சந்து விட்டிருந்தேன், கொஞ்சம் சூடு மேலே ஏறிப் போகட்டும் என்று. அப்படியும் பெஞ்சு அறைக்குள் நுழைந்தால் இட்லிப் பானையைத் திறந்தபோது முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். சட்டைப் பட்டன் சுடும். சிலபேர் அஞ்சு நிமிஷம் உட்காருவார்கள். பலபேர் அதுகூட இல்லை.

முதல் நாள் காலேஜ் பிள்ளைகள் கொஞ்சம், அவருடைய பழைய சிநேகிதர்கள் கொஞ்சம். மத்தியானத்துக்கு மேல் துறைமுகத்து ஜனம் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது. மீன் ஏற்றுகிற ஒரு ஆள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, "பொணப் பொட்டி மாதிரி வச்சிருக்கீங்க," என்றார்.

டீச்சர் அதை யோசித்திருக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. எனக்கு முதல் நாளே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் குளிர், வெள்ளை விரிப்பு, அடியில் மெஷின் சத்தம். எங்கள் ஊர்களில் இதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாவு வீட்டுக்கு வாடகைக்குப் போகும் ஐஸ் பெட்டிகளைப் பழுது பார்ப்பதும் என் தொழிலில் ஒரு பங்கு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த இரண்டு நாளும் நான் பெட்டி பெட்டியாக ஓடினேன். ஊரில் இருந்த பெட்டிகள் போதவில்லை. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வராது.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் அறைப் பக்கம் அது துடைத்துவைத்ததுபோல இருக்கும். பெஞ்சு அறைப் பக்கம் வியர்க்கும். கடலோரத்து ஈரக் காற்று சூடாக வந்து குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் அப்படித்தான் ஆகும். வருகிறவர்கள் கையால் துடைத்துவிட்டுத்தான் கட்டிலைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். சாயங்காலம் பூட்டும்போது கண்ணாடி முழுக்க உள்ளங்கைத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்துகொண்டிருக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு வரை ஏசியை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். இரண்டு அறையும் ஒரு நிலைக்கு வரட்டும், மெஷினும் ஆறட்டும் என்பது அவர் கணக்கு. அவர் சாப்பிட மெஸ்ஸுக்குப் போய்விடுவார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதத்தைக் கிடங்கு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். இரண்டாம் நாள் அப்படித்தான் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நிறுத்தவில்லை.

பெஞ்சு அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். உள்ளே ஆள் யாரும் இல்லை. குளிர் அறைச் சாவி என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. அரை மணி நேரம்தானே என்று உள்ளே போய் அந்தக் கட்டிலில் படுத்தேன். முதுகில் வெயில் ஏறி வேர்க்குரு வெடித்திருந்த உடம்பு. விரிப்பு ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடியதுதான் தெரியும். எழுந்து விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் பாதி குறைந்திருப்பதைப் பார்த்தேன். குடித்தது நான்தான் என்று ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே வரும்போது கண்ணாடியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்கப் புகை படிந்ததுபோல மூடியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் வட்டமாக, ஒரு சாண் அகலத்துக்குத் துடைக்கப்பட்டிருந்தது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். நின்று பார்க்கிற ஆள் துடைத்தால் அது முகத்துக்கு நேரே இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து துடைத்தாலும் இன்னும் மேலே இருக்கும். ஒரு சின்னப் பிள்ளை நின்றால் முகம் வருகிற உயரம் அது.

காலையில் வந்தவர்களில் பிள்ளை யாரும் இல்லை. பெஞ்சு அறைக்குப் போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது, திறந்து பார்த்தேன். உள்ளே ஆளில்லை.

நான் சாமிக்குப் பயப்படுகிறவன், பேய்க்குப் பயப்படுகிறவனில்லை. மறுநாளும் படுத்தேன். எழுந்து பார்த்தால் அதே இடத்தில் அதே வட்டம். சூட்டுக் காற்று ஏசியிலிருந்து அந்த இடத்தில் நேராக மோதுவதால் ஈரம் காய்கிறதோ என்று ஒரு கணக்குப் போட்டேன். ஏசி இருந்தது கண்ணாடிக்கு அந்த ஓரத்தில். வட்டம் இருந்தது இந்த ஓரத்தில். கணக்கு உதைத்தது. அப்படியும் நான் படுப்பதை நிறுத்தவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே அதுதான் விளங்காத விஷயம். பயந்துகொண்டே குளிருக்காகப் போனேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இரண்டு மணிக்குப் பிறகு டீச்சர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தலையணையில் பள்ளம் விழுந்திருக்கிறதே, உள்ளே போனீர்களா என்று கேட்டார். போகவில்லை என்றேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் பொய் வந்தது என்று தெரியவில்லை. அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி என்றார். தலையணையை அவர் சரிசெய்யவில்லை. சாயங்காலம் வரை அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்துதான் பேச்சுக் கிளம்பியது. அந்தக் கட்டிலில் யாரோ படுத்து எழுந்திருக்கிறார்கள், கதவு பூட்டித்தான் இருக்கிறது, காலையில் தட்டையாக இருக்கும் தலையணை மத்தியானத்துக்கு மேல் குழிந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்திலிருந்தும் சோனங்குப்பத்திலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். டீச்சருடைய சிநேகிதர்கள் வந்தபோது கைதட்டிச் சிரித்துப் பேசிய அந்த அறையில் இவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற, தலையணையின் பள்ளத்தையே பார்த்தார்கள். அந்தக் கரையில் சுனாமியில் ஆள் போகாத வீடு குறைவு. ஒரு நாள் சாயங்காலம் பூட்டப் போனபோது பெஞ்சின் மேல் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது. இன்னொரு நாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

டீச்சர் அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நான் இதுக்காகச் செய்யலை," என்றார். சூடு யாருக்கு, குளிர் யாருக்கு என்று கேட்கத்தான் செய்தேன், இவர்கள் வேறு ஏதோ பார்க்கிறார்கள் என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பள்ளம் என் தலை பட்ட பள்ளம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தோன்றியது. சொல்லாமல் விட்டதற்கு அது ஒரு காரணம். மறுநாள் மதியம் படுக்க முடியாமல் போய்விடுமே என்பது இன்னொரு காரணம்.

பதினோராம் நாள், கடல்காற்றே ஏறாத நாள். கொடியில் போட்ட துணிகூட ஆடவில்லை. ஒரு மணிக்கு டீச்சர் கிளம்பினதும் நான் சோற்றைக்கூடப் பிரிக்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

சத்தம் நின்றதால் விழித்தேன். பதினாலு வருஷம் கம்ப்ரசரோடு இருந்தவனுக்கு அது ஓடும்போது கேட்காது, நின்றால்தான் கேட்கும். சூடு தாங்காமல் மெஷின் தானாக ட்ரிப் ஆகியிருந்தது. கிடங்கில் அப்படி ஒரு அமைதி. மேலே ஷீட்டு வெயிலில் விரிந்து 'டிக் டிக்' என்று முறிகிற சத்தம் மட்டும். எழுந்திருக்காமல் தலையை மட்டும் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் ஒரு முகம் இருந்தது.

மூன்றடி உயரத்தில், கண்ணாடியோடு ஒட்டினாற்போல. ஈரத்தில் கலங்கி வாயும் மூக்கும் தெரியவில்லை. கண் இரண்டும் தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று சொல்ல முடியாது. அப்புறம் அந்த முகம் மெதுவாகக் கண்ணாடியில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. இறங்கின வழி நெடுக ஈரத்தில் ஒரு கோடு விழுந்தது. ஏதோ தரையில் சாய்கிற சத்தம் கேட்டது.

பேய் விழுந்தால் சத்தம் வராது என்று எது எனக்குச் சொன்னதோ தெரியாது. எழுந்து ஓடினேன். பெஞ்சு அறையின் பூட்டைக் கழற்றினேன். கதவைத் திறந்ததும் வந்த சூடு என்னைப் பின்னால் தள்ளியது. கண்ணாடி ஓரத்தில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. அது மோசமான அறிகுறி என்று எனக்குத் தெரியும். அந்த அறைக்குப் பின்சுவர் கிடங்கின் பழைய சுவர்தான்; அதில் வெளியே ஆறு ஓடும் பக்கம் அடித்திருந்த பலகைகளில் ஒன்று விலகியிருந்தது.

குளிர் அறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். நான் படுத்திருந்த அதே விரிப்பின் மேல் கிடத்தி, தண்ணீரை எடுத்து முகத்திலும் கழுத்திலும் ஊற்றினேன். சாப்பிட்டுத் திரும்பிய டீச்சர் அந்தக் கோலத்தில்தான் எங்களைப் பார்த்தார். ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, ஈரத்துணி சுற்றி, நாலு மணி வாக்கில் அந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னார். இன்னும் கால்மணி நேரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம் ஏசியை நிறுத்தாமல் விட்டதை, படுத்ததை, பொய் சொன்னதை.

"எத்தனை நாளா?"

"ஒம்போது நாளா மேடம்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குளிர்ந்த கட்டில் ஒண்ணைக் காலியா வச்சா யாராவது படுப்பாங்க. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார். கொஞ்சம் கழித்து, "ரெண்டாவது ரூமைக் கட்டச் சொன்னதும் நான்தானே," என்றார்.

அன்றோடு கண்காட்சி முடிந்தது. ஏசியைக் கழற்றி எடுக்க நான் மட்டும் போனேன். பகல் பதினோரு மணிதான். ஆனாலும் கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி வேலை செய்ய என்னால் முடியவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பு. வரிசையாகக் கான்கிரீட் வீடுகள், தாழ்ந்த கூரை, ஒரே ஒரு ஜன்னல். மத்தியானம் வாசலைத் தாண்டியதுமே பெஞ்சு அறைக்குள் போனது மாதிரி இருந்தது. அவர் புருஷன் கடலுக்குப் போயிருந்தார். அந்த அம்மா எனக்கு டீ போட்டுக்கொடுத்தார். அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தது எனக்காக என்பதால் அந்த டீ இறங்கவில்லை. இறால் கம்பெனி நடந்த காலத்தில் அதே கிடங்கில் பத்து வருஷம் வேலை பார்த்தவராம். எந்தப் பலகை விலகும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் பேச்சுக் கேட்டு ஒரு நாள் கூட்டத்தோடு வந்திருக்கிறார். கூட்டத்தோடு சரியாகப் பார்க்க முடியவில்லை என்று அடுத்த நாள் மத்தியானம் பின்பக்கமாக வந்திருக்கிறார். அங்கே நான் படுத்திருந்தேன்.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன்கா வந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எங்க பாப்பா போவும்போது ஒம்போது வயசு. மூணாம் நாளுதான் கெடச்சா. பொட்டி கேட்டோம், பொட்டி இல்லன்னுட்டாங்க. வெயில்லயே கெடந்தா," என்றார். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. "ஒரு புள்ள வேர்க்காம தூங்குறத பாக்கணும்போல இருந்துச்சி. நீயா இருந்தா இன்னா, யாரா இருந்தா இன்னா."

அந்த மூன்று நாளில் பெட்டிகளோடு அலைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஏசியை நான் நிறுத்தியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றேன். நிறுத்தினால் நீ எப்படித் தூங்குவாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

எழுந்திருக்கும்போது, ஒன்பது நாளும் அந்தச் சூட்டில் வந்து உட்கார்ந்தீர்களே என்றேன்.

"ஒம்போது நாளா? நாலு நாளுதான் வந்தேன்."

"கண்ணாடியில தொடச்சிருந்துச்சே. நான் படுத்த மொத நாள்லேருந்து."

"அது நான் தொடைக்கல தம்பி. எனக்கு முன்னாடியே யாரோ தொடச்சி வச்சிருந்தாங்க. நான் மண்டி போட்டு அந்த எடத்துலதான் பாப்பேன்," என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. நான் எதை நினைத்தேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, கீழே மணல் கொதித்தது.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வீடு கோயில் தேரடிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. பெண் குழந்தை பிறந்த வருஷம், கழித்துக்கட்டிய மெஷின்களிலிருந்து பாகங்களை எடுத்துச் சேர்த்து வீட்டுக்கு ஒரு ஏசி பண்ணியிருந்தேன். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் ஏசி. மனைவிக்கு அதில் பெருமை உண்டு. எனக்கும்தான். அதை மாட்டியவன் நான், ஆனால் அதன் பின்பக்கத்துக்கு நான் போய் நின்றதே இல்லை. பின்பக்கம் வீட்டை ஒட்டிய ஒரு சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சந்தின் அகலம் நாலடி. அந்தப் பக்கம் ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு.

சந்துக்குள் போய் நின்றேன். உள்ளே என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் சரியாக நேர் எதிரே ஒரு ஜன்னல். சாத்தி, உள்பக்கம் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ஜன்னலின் பெயிண்ட் பொரிந்து உரிந்திருந்தது. அந்த அனல் என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சூடு பழக்கமான சூடாக இருந்தது. என்னை அறியாமல் அந்த ஜன்னலின் இடுக்கில் ஏதாவது கண் தெரிகிறதா என்று பார்த்தேன்.

தையல்காரப் பெண் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தண்ணீர் சொட்டுகிறதா அண்ணே என்று கேட்டாள். மெஷினைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஜன்னலை எப்போது அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆச்சு, ரெண்டு வருஷம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தவா போறீங்க?" என்றாள். அதிலும் கோபம் இல்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் மாறிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான். ஏசியைக் கழற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லி, அதை நிறுத்திவைத்தேன். பிள்ளைக்கு வேர்க்குரு வந்து இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் மெஷினைச் சந்துப் பக்கத்திலிருந்து எடுத்து, சாக்கடைக்கு மேலே மொட்டைச் சுவர் இருந்த பின்பக்கம் மாற்றி மாட்டினேன். பிள்ளை தூங்குகிற வரைக்கும் ஓடும், பிறகு ஃபேன். தையல்காரப் பெண் ஜன்னல் அட்டையை உடனே எடுக்கவில்லை. ஒரு மாசம் கழித்து ஒரு நாள் பார்த்தேன், ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே தையல் மெஷினை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டிருந்தாள்.

தொழிலில் கேஸைத் திறந்துவிடுவதை நிறுத்தப் பார்த்தேன். காலி சிலிண்டரை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்தால் பழைய கேஸை அதற்குள் இழுக்கலாம். முழுதாக வராது, பெரும்பகுதி வரும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கேஸை மிச்சம் பிடித்து விற்கிறான் என்று மற்ற மெக்கானிக்குகள் பேசினார்கள். மச்சானே, இன்னா மாமா ஜாஸ்தி வேலையா இழுத்துவுட்டுக்கிறீங்க என்று அலுத்துக்கொண்டான். அவசரத்தில் திறந்துவிட்ட நாட்களும் உண்டு. அப்படித் திறந்துவிடும்போது மட்டும், அந்தச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நிற்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் புயல் அடித்து, கடலூர் பக்கம் மரம் ஒன்றும் மிஞ்சவில்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் ஒரு ஏசியும் ஓடவில்லை, எனக்கு வேலையும் இல்லை. ஊர் முழுக்க ஜெனரேட்டர் புகை. முதுநகரில் அந்தக் கிடங்கின் ஷீட்டுகள் பறந்துவிட்டன என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. குடியிருப்புக்குப் போனேன். அந்த அம்மாவின் வீட்டுக்குச் சேதம் ஒன்றுமில்லை. வாசலில் விழுந்து கிடந்த முருங்கையை நானும் அவர் புருஷனும் வெட்டி ஒதுக்கினோம். கண்ணாடியைப் பற்றி அப்போதும் பேசவில்லை.

டீச்சர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கோடையில் ஒரு நாள் போன் செய்தார். புதிதாக எதுவும் செய்யவில்லை என்றார். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். பிறகு, இன்னும் ஏசியில் தூங்குகிறீர்களா தம்பி என்று கேட்டார்.

சில நாள் தூங்குகிறேன் மேடம் என்றேன்.

"நானும்தான்," என்றார்.

இரண்டு பேரும் உடனே போனை வைக்கவில்லை. அவர் பக்கம் ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்டது.